செருப்புக்குள் ஓர் ஆணி

அந்த நகரத்தில் ஆணிக்காரியைத் தெரியாதவர் கிடையாது. மதிலைத் தாண்டி வரும் நிழல்கள் வீட்டுக்குள் நுழையாமலிருக்க, அவள் மந்திரம் ஓதிய இரும்பாணி ஒன்றை வாசற்படியில் அடித்தால் போதும். முப்பது வருடமாக, அவள் ஆணி அடித்த வீட்டிலிருந்து ஓர் ஆளைக்கூட நிழல் தூக்கிக்கொண்டு போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்குத்தான் இல்லை?

பிறகு வெடிமருந்து வந்தது. மதில்மேல் பீரங்கி முழங்கியதும் நிழல்கள் காட்டுக்குள் ஓடின. போதாக்குறைக்கு, அவள் பெற்ற ஒரே மகளே வெடிமருந்து ஆலையில் மருந்து சலிக்கும் வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"உள்ள இரும்பே கூடாதும்மா. கரண்டி மரம், சல்லடை செம்பு. கொண்டை ஊசியக்கூட வாசல்லயே வாங்கி வச்சுக்குவாங்க."

"பத்து மணி நேரம் இரும்பில்லாமயா இருக்கே? நிழல் வந்தா?"

"நிழலுக்கு யாரு பயந்தா? தரை கல்லும்மா. இரும்பு உரசினா பொறி வரும். ஒரு பொறி போதும், எல்லாரும் காலி."

"என் இரும்பு இதுவரைக்கும் யாரையாவது கெடுத்திருக்கா?"

"உன் மந்திரம் நிழலுக்குப் புரியும். மருந்துக்குப் புரியுமா?" என்று மகள் சிரித்தாள். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆலைக்குள் கம்பளிச் செருப்புதான் போட வேண்டும். ஒரு நாள் அடி பிரிந்துபோய், மகள் அதை வீட்டுக்கு எடுத்து வந்தாள். "நீயே தைச்சுக் குடும்மா. உன் தையல்தான் பிரியாது."

தைத்தாள். இரண்டு மடிப்புக்கும் நடுவே நகக்கண் அளவு ஆணி ஒன்றை வைத்துத் தைத்தாள். இவளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று மூன்று முறை ஓதினாள். தன் இரும்பு தன் பிள்ளையைச் சுடாது என்று நம்பினாள், பாவி.

நான்கு நாள் மகள் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினாள். பார்த்தாயா என்று ஆணிக்காரி மனதுக்குள் பூரித்தாள். ஐந்தாம் நாள் நண்பகலில் ஆலை வெடித்தது. தெருவே அலறி ஓடியது. அவள் மட்டும் இருந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். கம்பளி எங்கே தேய்ந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

பதினொரு பெண்கள். "எல்லாரையும் சோதிச்சுத்தான் விட்டோம். பொறி எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல" என்று மேஸ்திரி வீடு வீடாகப் போய் அழுதார். அவள் வீட்டிலும் அழுதார். அவள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினாள்.

மறுமாதம் எதிர்வீட்டுத் தையல்காரி வந்தாள். அவளுடைய மூத்த மகளும் அந்தப் பதினொருவரில் ஒருத்தி.

"அக்கா, ஆலையத் திரும்பக் கட்டிட்டாங்க. சின்னவ போறா. உன் ஆணி ஒண்ணு இருந்திருந்தா பெரியவ பிழைச்சிருப்பாளோ என்னவோ. ஒண்ணு ஓதிக் குடுக்கா. யாருக்கும் தெரியாம செருப்புக்குள்ள வச்சுத் தைச்சுடறேன்."

"நான் ஓதறத விட்டுட்டேன்."

"அப்ப வாசப்படி ஆணியப் பிடுங்கிக்கறேன். அதுவும் நீ ஓதினதுதானே?"

இனி மறைத்தால் அந்தச் சின்னவளும் போவாள்.

"வேண்டாம்டி. நானும் அப்படித்தான் தைச்சேன். உன் பெரியவளக் கொன்னது நான்தான். எம் பொண்ணையும் நான்தான் கொன்னேன்."

தையல்காரி திட்டவில்லை, அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. எழுந்து போனாள். தன் வாசற்படி ஆணியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள். சேதி பரவியது. மாலைக்குள் ஒவ்வொரு வீட்டு ஆணியும் தெருவுக்கு வந்துவிட்டது.

ஆலை விடும் நேரம் நெருங்கியது. கம்பளிச் செருப்பை ஆலையிலேயே கழற்றி வைத்துவிட்டுப் பெண்கள் வெறுங்காலோடு வருவார்கள், யார் காலிலாவது ஏறிவிடப் போகிறது என்று ஆணிக்காரி குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.