அண்ணனின் கட்டைவிரல்

ஊரில் உள்ளவர்களின் மூட்டு நோயையெல்லாம் பார்க்கிற டாக்டர் நான். என் அண்ணனின் மூட்டு வலியைக் குணப்படுத்த மட்டும் எனக்குத் துப்பில்லை. அண்ணன் தையற்காரர். கோட்டு தைப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பிடிவாதத்திலும் அப்படித்தான்.

அவருக்கு இருப்பது கவுட் என்கிற மூட்டு நோய். இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடி, மூட்டுக்குள் படிகமாக உறைந்து, திடீரென்று ஒருநாள் நெருப்பை வைத்த மாதிரி வலிக்கும். அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை வலி இல்லாத நாளிலும் போட வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. வலி வந்தால் போடுவார், வலி போனால் மாத்திரையும் போய்விடும். நன்றாக இருக்கிறவன் எதற்கு மாத்திரை தின்ன வேண்டும் என்று அண்ணியிடம் நியாயம் வேறு பேசுவார்.

இதற்கிடையில் வலது கட்டைவிரல் மூட்டில் வெள்ளையாக ஒரு கட்டி எழும்பிவிட்டது. உறைந்த அமிலம்தான். கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையவில்லை. மனுஷனாய்ப் பிறந்தவர் என்ன செய்வார்? டாக்டரிடம் வருவார். இவர் சாணை பிடிப்பவரிடம் போய் வளையத்தை ராவிப் பெரிதாக்கிக்கொண்டு வந்தார்! அண்ணி சொல்லித்தான் எனக்கே தெரியும். தலையில் அடித்துக்கொண்டேன். அது துணி வெட்டுகிற கை. அந்த விரல் வேலைக்காகாமல் போனால் கடையை மூட வேண்டியதுதான். வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

போன மாதம் முழங்கால் வீங்கி, அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் கிளினிக்குக்கு வந்தார். வந்தவர் உட்காரக்கூட இல்லை. சட்டைப் பையிலிருந்து இரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். தெருமுனை லேபில் அவராகவே போய்ப் பார்த்திருக்கிறார். யூரிக் அமிலம் சரியான அளவில் இருந்தது. படித்த தங்கை இத்தனை வருஷமாக இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்துவிட்டாள் என்பது போல அப்படி ஒரு பார்வை.

வலி உச்சத்தில் இருக்கும்போது சில சமயம் இரத்தத்தில் அளவு சரியாகக் காட்டும், அடங்கிய பிறகு எடுத்தால்தான் நிஜம் தெரியும் என்றேன். காதில் வாங்கினால்தானே. எரிச்சல் தாங்கவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, ஊசியால் முழங்கால் நீரை உறிஞ்சினேன். தெளிவாக வர வேண்டியது கலங்கி வந்தது. கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பங்கை லேபுக்கு அனுப்பிவிட்டு, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்ப் பார்க்கச் சொன்னேன்.

இருண்ட வட்டத்துக்குள் பளபளவென்று ஊசி ஊசியாய்ப் படிகங்கள். பார்க்கிற இடமெல்லாம் ஊசிகள். தையற்காரருக்கு ஊசியைத் தெரியாதா? வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இதெல்லாம் என் உடம்புலயா இருக்கு?"

"இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் உடம்புல."

கிருமி இல்லை என்று லேபிலிருந்து முடிவு வந்தது. முதலில் வலியை அடக்கினேன். பிறகு தினசரி மாத்திரையை மறுபடி ஆரம்பித்து வைத்தேன். உறைந்தது கரையத் தொடங்கும்போது ஆரம்பத்தில் வலி திரும்ப வரலாம், அப்போதுதான் நிறுத்தவே கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

நேற்று மறுபடி நொண்டிக்கொண்டு வந்து நின்றார். கால் பெருவிரல் சிவந்து வீங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. நிறுத்திவிட்டார், வேறென்ன! வாயைத் திறக்கப் போனேன்.

"கத்தாத. நிறுத்தல. இன்னிக்குக் காலையிலகூடப் போட்டேன்."

நம்பாமல் அண்ணியைப் பார்த்தேன். ஆமாம் என்று தலையசைத்தார். இத்தனை வருஷத்தில் இந்த மனிதர் என் பேச்சைக் கேட்டது இதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"இந்த விரல் பழையபடி ஆயிடுமா?"

எக்ஸ்ரேயை நான் முன்பே பார்த்திருந்தேன். பூச்சி அரித்த மாதிரி படிகம் எலும்பைத் தின்றிருந்தது. ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கட்டி மெல்லக் கரையும், ஆனால் படிகம் தின்ற எலும்பு திரும்ப வளராது என்றேன்.

அண்ணன் அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சரி," என்றார். "மிச்ச விரலுக்காவது போடுறேன்."