சம்பந்தம் கொடுத்த பால்கோவா

ஆவடி ஃபேக்டரியில் ஒருவர் இனிப்பு டப்பாவை நீட்டினால், காரணம் கேட்காமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். பிரமோஷனா, தங்கச்சிக்கு நிச்சயமா, திருநின்றவூரில் மனை பதிவாகிவிட்டதா என்று ஒரு சின்ன விசாரணைக் கமிஷன் நடக்கும். ராணுவ டேங்குகளுக்கு மேல்மூடி பொருத்துகிற செக்‌ஷனில் ஃபிட்டராக இருக்கும் சம்பந்தம், அரைக்கிலோ பால்கோவாவை நீட்டிச் சொன்ன காரணத்தை மட்டும் அந்த ஃபேக்டரி அதற்கு முன் கேட்டதில்லை.

"பாப்பா பால்குடி மறந்துட்டா."

பாப்பா என்பது அவருடைய ஒரே மகள் பவ்யா. வயது மூன்றரை. பால்கோவா சுத்தமான பாலில் செய்தது. செய்தி சுத்தமான பொய்.

பொய் சொல்லும் அளவுக்கு அவரைக் கொண்டுவந்து விட்டவன் லட்சுமணன். பக்கத்து மேசை ஃபிட்டர். அம்பத்தூர் மேனாம்பேட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். வாய்க்கு மேல்மூடி பொருத்தாமல் அனுப்பிவிட்டார்கள். ஒரு சாயங்காலம் குவார்ட்டர்ஸ் பஸ் ஸ்டாப்பில், சம்பந்தத்தின் மனைவி லோகநாயகியின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "அம்மா, பாச்சி" என்று பவ்யா கேட்டதை அவன் பார்த்துவிட்டான். பவ்யாவின் அகராதியில் தாய்ப்பாலுக்குப் பெயர் பாச்சி. மறுநாள் டீ நேரத்தில் அந்த அகராதி செக்‌ஷன் முழுக்க வெளியிடப்பட்டது.

"இன்னா மாமே, உன் பொண்ணு டிகிரி வாங்கிகினு வந்து குடிக்குமா? மாப்ள ஊட்ல இப்பவே கண்டிஷன் போட்டு வையி. வாரத்துக்கு ரெண்டு நாளு அம்மா ஊட்டுக்கு அனுப்பணும்னு!"

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தமும் சிரித்தார். அவர் சுபாவம் அது. யார் கல் எறிந்தாலும் முதலில் கைதட்டிவிட்டுப் பிறகு தலையைத் தடவிப் பார்ப்பார். அன்று வீட்டுக்கு வந்து, தானும் சிரித்ததை ஒரு தமாஷ் மாதிரி மனைவியிடமே சொன்னார். லோகநாயகி சிரிக்கவில்லை. அம்பத்தூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் அவள். மாத்திரை அட்டையை வெட்டுகிற மாதிரி அளந்துதான் பேசுவாள்.

குவார்ட்டர்ஸில் ஆளுக்கொரு மருத்துவம் இருந்தது. மாடி வீட்டில், ஆண் பிள்ளைக்கு மூன்று வயது வரை கொடுக்கலாம், உடம்பில் தெம்பு சேரும், பெண் பிள்ளைக்கு ஒரு வயதுக்கு மேல் கொடுத்தால் பிடிவாதம் சேரும் என்றார்கள். எதிர்வீட்டில் அதையே தலைகீழாகச் சொன்னார்கள். தாய்க்குக் கண் பார்வை மங்கும் என்றார் ஒருவர். அவர் போட்டிருந்த கண்ணாடி சோடாப் புட்டி. ஒரு டாக்டர் உடனே நிறுத்தச் சொன்னார். இன்னொரு டாக்டர், தாய்க்கும் பிள்ளைக்கும் பிடித்திருக்கும்வரை கொடுக்கலாம், ஒரு கெடுதலும் இல்லை என்றார். ஃபீஸ் அதிகம் வாங்கிய முதல் டாக்டரைத்தான் சம்பந்தம் நம்பினார்.

வேப்பெண்ணெய் வாங்கிவந்தார். இந்த மனுஷன் தொல்லை ஒழியட்டும் என்று லோகநாயகியும் ஒருநாள் தடவிக்கொண்டாள். பவ்யா ஒரு வாய் குடித்தாள், முகத்தைச் சுளித்தாள், அம்மாவின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். "இன்னிக்கி நல்லாவே இல்லம்மா. பரவால்ல. நாளைக்கி சக்கர போடு" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தாள். அடுத்து, "அம்மாவுக்குப் புண்ணு" என்று பிளாஸ்திரி ஒட்டிப் பார்த்தார்கள். பவ்யா புண்ணை ஊதிவிட்டு, அந்தப் பக்கம் நகர்ந்து படுத்துக்கொண்டாள்.

"இதுக்கு ஒரு வயசு வரம்பு வேணாமா?" என்றார் சம்பந்தம்.

"எங்க கடையில ஆறு வயசு வரைக்கும் குடிக்கிறதுக்கு டப்பா பால் விக்கிறோம். யாரும் வெக்கப்பட்டு முக்காடு போட்டுக்கிட்டு வந்து வாங்கல. அத விடுங்க. உங்களுக்கு வயசு முப்பத்தொம்போது. படுக்கப்போறப்ப ஒரு டம்ளர் பால் இல்லன்னா உங்களுக்குத் தூக்கம் வராது. அந்த மாடு என்னிக்காவது உங்க வயசக் கேட்டுச்சா?"

"ஊரு என்ன பேசும் லோகா?"

"எந்த ஊரு? நம்ம சீர்காழியா? வருஷா வருஷம் சித்திரையில லீவு போட்டுட்டுப் போயி, அம்பாள் பால் குடுத்த திருவிழாவுல பாத்திரத்தோட வரிசையில நிக்கிறீங்களே, குளக்கரையில அழுத அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?"

"மூணு."

"அந்தப் பிள்ளை பேரத்தானே உங்களுக்கு வச்சிருக்காங்க? கோயில்ல கன்னத்துல போட்டுக்கிறீங்க. வீட்டுல மூஞ்சியத் திருப்பிக்கிறீங்க."

"அது ஞானப்பால்டி."

"இது மட்டும் என்ன, பாக்கெட் பாலா?"

பதில் இல்லாத ஆண்கள் வழக்கமாகச் செய்வதைச் சம்பந்தமும் செய்தார். வெளியே போய் வேறொரு பதிலைச் சொல்லிவிட்டு வந்தார். அந்தப் பதில்தான் பால்கோவா.

பொய்க்கு ஆயுள் பத்து நாள். பதினோராம் நாள் ஆயுத பூஜை வந்தது. அன்று ஃபேக்டரிக்குள் குடும்பத்தோடு போகலாம். வருஷத்தில் அந்த ஒருநாள்தான். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று இன்னொரு கமிஷன் உட்காரும்.

"நான் வரல" என்றாள் லோகநாயகி. "உங்க ஃப்ரெண்டுங்க என் முகத்தப் பாத்துப் பேசுவாங்களா, துப்பட்டாவப் பாத்துப் பேசுவாங்களா?"

"யாராவது ஒரு வார்த்தை சொன்னா, நான் இருக்கேன்ல?"

"இருப்பீங்க. சிரிச்சிக்கிட்டு இருப்பீங்க."

இது சம்பந்தத்துக்கு வேப்பெண்ணெயைவிடக் கசந்தது. சிரிக்க மாட்டேன் என்று மகள் தலையில் கை வைக்காத குறையாகச் சத்தியம் செய்தார். அவளும் ஒருவழியாகக் கிளம்பினாள். பால்கோவா விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, முதல்நாளே பவ்யாவைத் தனியாகக் கூப்பிட்டு ரகசியப் பயிற்சி கொடுத்தார். யாராவது கேட்டால் என்ன சொல்லணும்? "பாச்சி குடிக்கல. மறந்துட்டேன்." சமர்த்து. இன்னொரு தடவை சொல்லு.

அன்று வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம். வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார்கள். லேத்துக்கெல்லாம் சந்தனம், குங்குமம், கிரேனுக்கு வாழைக்கன்று. முற்றத்தில் ஒரு புது டேங்க் கழுத்தில் சாமந்தி மாலையோடு மாப்பிள்ளை மாதிரி நின்றது. குழந்தைகள் ஏறிப் பார்க்க இரும்புப் படி போட்டிருந்தார்கள். சங்கிலிச் சக்கரத்துக்கு அடியில் வரிசையாக எலுமிச்சம்பழம். ராகுகாலத்துக்கு முன்னால் வண்டியைக் கிளப்பி அதை நசுக்க வேண்டும். அதுவரை எல்லோரும் ஷெட்டுக்குள் தீபாராதனையில் இருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஷெட்டில் எவனோ இன்னொரு டேங்கின் என்ஜினை முடுக்கினான். தரை அதிர்ந்தது. பவ்யா வீறிட்டாள். பொரி கொடுத்தும் நிற்கவில்லை, பலூன் கொடுத்தும் நிற்கவில்லை. அப்படியே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடுங்கியது குழந்தை. இனி ஒன்றே ஒன்றுதான் அவளை நிறுத்தும் என்று அப்பா அம்மா இருவருக்கும் தெரியும்.

பெண்கள் ஓய்வறை பூட்டியிருந்தது. சாவிக்காரர் பூஜையில். கேண்டீனில் சுண்டல் கிளறிக்கொண்டிருந்தார்கள். லோகநாயகி சுற்றும் முற்றும் பார்த்தாள். பார்வை முற்றத்தில் போய் நின்றது.

"அந்த மூடி உள்ளேருந்து சாத்துமா?"

"நான் பொருத்தின மூடி லோகா அது!" என்றார் சம்பந்தம். பொய் சொல்லாத இடத்தில் அவர் குரலில் ஒரு கம்பீரம் வரும்.

பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு அவள் படியேறினாள். சம்பந்தம் குழந்தையைக் கைமாற்றி இறக்கி, கமாண்டர் உட்காரும் இருக்கையைக் காட்டி, கொக்கியில் புடவை மாட்டாமல் பார்த்து மூடினார். எதிரியின் குண்டு துளைக்காத இரும்பு. பதினாலு வருஷ சர்வீசில் அவர் பொருத்திய மூடி முதன்முதலாக நிஜமாகவே யாரையோ காப்பாற்றியது. எதிரி யார் என்பதுதான் கொஞ்சம் சங்கடமான கேள்வி.

ஐந்து நிமிஷம் போயிருக்கும். தீபாராதனை முடிந்து கூட்டம் குபீரென்று முற்றத்துக்கு வந்தது. முன்னால் லட்சுமணன். பின்னால், நெற்றியில் குங்குமத்தோடு ஆபீசர் கோகுல்நாத். படியின் உச்சியில் சம்பந்தம், மூடிமேல் கையை வைத்துக்கொண்டு.

"இன்னாப்பா, வண்டிக்கு மேல காவல் நிக்கிற? உள்ள யாரு கீறா?"

"ஒண்ணுமில்ல... மூடியில சின்ன ரிப்பேர்."

"பூஜ அன்னிக்கு டூல்ஸத் தொட்டியா? அடப்பாவி! டிபார்ட்மெண்டே வெளங்காதுடா!"

கூட்டம் முணுமுணுத்தது. அப்போது டேங்கின் வயிற்றுக்குள்ளிருந்து, இரும்பில் பட்டு எதிரொலித்து, ஒரு குரல் கணீரென்று வந்தது. கற்றுக்கொடுத்த பாடத்தை மறக்காத நல்ல பிள்ளையின் குரல்.

"நான் பாச்சி குடிக்கல! மறந்துட்டேன்! அப்பாதான் சொல்லச் சொன்னாங்க!"

முற்றம் சிரிப்பில் வெடித்தது. லட்சுமணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "ஏ மாமே! துன்ன பால்கோவாவ இப்போ நான் எங்க போய்த் துப்புவேன்? எல்லைக்குப் போற வண்டிப்பா இது! நீ இத்தப் பால்வாடி ஆக்கிட்டியே!"

மறுபடி சிரிப்பு. சம்பந்தத்தின் உதடுகள் பழக்கதோஷத்தில் தாமாகவே விரியத் தொடங்கின. கூடச் சிரித்துவிட்டால் போதும், அரை நிமிஷத்தில் இதுவும் ஒரு தமாஷாகக் கரைந்துவிடும். அவருக்கு அது தெரியும். கால் அடியில், ஒரு சாண் இரும்புக்குக் கீழே, லோகநாயகி உட்கார்ந்திருப்பதும் தெரியும்.

சிரிப்பைப் பாதியில் நிறுத்துவது தும்மலை நிறுத்துவதுபோல. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் நிறுத்திவிட்டார்.

"பால்கோவா பொய்" என்றார். குரல் கொஞ்சம் பிசிறடித்தது. "பாப்பா குடிக்கிறா. மூணரை வயசு. பயந்துட்டா, அதனால அவங்க அம்மா குடுக்கிறாங்க. முடிஞ்சதும் வருவாங்க. அதுவரைக்கும் வண்டி நகராது."

"ராவுகாலம் வந்துரும் மாமே!"

"வரட்டும். ராகுவும் வரிசையில நிக்கட்டும். இன்னொண்ணு லட்சுமணா. என்னக் கிண்டல் பண்ணு. முப்பத்தொம்போது வயசுல மாட்டுப்பால் குடிக்கிறவன் நான். காலத்துக்கும் பண்ணிக்கோ. அவளப் பத்தி ஒரு வார்த்தை பேசாத."

சம்பந்தம் இப்படிப் பேசி யாரும் பார்த்ததில்லை, சம்பந்தமும் பார்த்ததில்லை. கூட்டத்தில் சுண்டல் வாளியோடு நின்ற கேண்டீன் அஞ்சலை மட்டும், "இன்னாத்துக்குயா இம்மாம் பஞ்சாயத்து? கொயந்த பால் குடிக்கிது. குடிச்சிட்டு எறங்கும். பராக்குப் பாக்காம தொன்னையப் புடிங்க" என்று விநியோகத்தை ஆரம்பித்தாள். வாயில் சுண்டல் இருக்கும்போது சிரிப்பது கஷ்டம்.

கோகுல்நாத் படியில் இரண்டு ஏறி வந்தார். மெமோ என்று நினைத்து சம்பந்தம் விறைத்து நின்றார்.

"இந்த மூடி நல்லா டைட்டா சாத்துமா?" என்றார் ஆபீசர் தாழ்ந்த குரலில்.

"சாத்தும் சார்."

"எங்க வீட்டுல ரெண்டே முக்கால் வயசு. சொந்தக்காரங்க வந்தா, என் வைஃப் பாத்ரூம்ல பக்கெட்டக் கவுத்துப் போட்டு உக்காந்து குடுக்கிறா." வாட்சைப் பார்த்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பி ஆபீசர் குரலில், "குவாலிட்டி செக் நடக்குது. பத்து நிமிஷம்" என்றார்.

பத்து இருபத்தைந்துக்கு மூடி திறந்தது. தூங்கிவிட்ட பவ்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு லோகநாயகி படியிறங்கினாள். வழி விட்டார்கள். லட்சுமணன் தன் தொன்னைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். பத்து இருபத்தேழுக்கு எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. அந்தச் சத்தத்துக்கும் பவ்யா எழவில்லை.

வாசலில் செல்போனைத் திரும்ப வாங்கும்போது லோகநாயகி சொன்னாள். "மூடி நீங்க சரியாப் பொருத்தல."

"ஏன்?"

"வெளியில பேசினது அவ்வளவும் கேட்டுச்சு." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பால்கோவா எனக்கு ஏன் தரல?" என்றாள்.

பொங்கல் முடிந்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போது சம்பந்தத்துக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. பவ்யா பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் பாச்சி கேட்டு நாலு நாள் ஆகியிருந்தது. கணக்குச் சொன்னது லோகநாயகி. வேப்பெண்ணெய் இல்லை, பிளாஸ்திரி இல்லை, பயிற்சி இல்லை. குழந்தை பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லும்போது லோகநாயகியின் குரல் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. சம்பந்தம் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போய் நூறு கிராம் பால்கோவா வாங்கிவந்தார். மூன்று பேரும் ஒரே தட்டில் தின்றார்கள். பவ்யாவின் பங்கில் பாதியைப் பொம்மை தின்றது.

மறுநாள் டீ நேரத்தில் லட்சுமணன் தயங்கித் தயங்கி வந்தான். வாயில் பழைய துடுக்கு இல்லை.

"தப்பா எடுத்துக்காத மாமே. சும்மாதான் கேக்குறேன். பாப்பா இன்னும் குடிக்கிதா?"

சம்பந்தம் டீயை ஒரு வாய் உறிஞ்சினார்.

"குடிக்கிறாளே" என்றார், நிமிர்ந்து உட்கார்ந்து.