ஹாஜியார் வீட்டுத் தண்ணீர்

எண்பத்திரண்டாம் ஆண்டு மலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் இரசாயனத் துறை பெரிய பெயர் எடுத்தது. எடுத்துக் கொடுத்தவை எங்கள் கல்முனைக் கரையோரத்துக் கிணறுகள். வயலில் போடும் உரமும் மலக்குழியின் ஊறலும் மணலுக்குள் இறங்கி, கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று ஏறிக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பெரியவர்கள் குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது. அதில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுத்தால்தான் பிள்ளை நீலம் பாரித்துப் போகும். கொதிக்க வைத்தாலும் அது போகாது. பேராசிரியர் இதைக் கொழும்பு மாநாட்டில் வாசித்துக் கைதட்டு வாங்கினார், துறைக்குப் புதுக் கருவி ஒன்றும் வாங்கினார். தண்ணீர் குடிக்கிற எங்களுக்கு மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. ஆய்வு முழுதாக முடியட்டுமாம்!

அந்தத் துறையின் உதவி விரிவுரையாளன் காலிதீன் கல்முனையை அடுத்த சாய்ந்தமருதுக்காரன். ஆய்வுக்கு இரண்டாம் சுற்றுத் தண்ணீர் எடுக்க விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தான். போகிற வழியெல்லாம், "என்ன தம்பி, எங்கட கிணறு பாஸா பெயிலா?" என்று கேட்டார்கள். அவன் சிரித்து மழுப்பினான். உள்ளுக்குள் பயம் அரித்தது. தங்கை சுல்பிகா பிள்ளைத்தாய்ச்சி, தலைப்பிள்ளை, நாள் நெருங்கிவிட்டது.

எடுத்த தண்ணீர் ஆய்வுகூடம் போய்ச் சேரும்வரை மாறாமல் இருக்க, ஒவ்வொரு போத்தலிலும் பாதரச உப்புக் கரைசலைச் சில துளி விடுவான். கடும் நஞ்சு. அதனால் போத்தலை நிலத்தில் வைக்கமாட்டான், வெள்ளைத் துணியில் சுற்றுவான், கிட்ட வருபவர்களுக்கு ஏசுவான். ஏன் என்று மட்டும் சொல்லமாட்டான். படித்தவர்களுக்கு உள்ள வியாதி அது.

மக்காவிலிருந்து புதிதாக வந்திருந்த மீராமுகைதீன் ஹாஜியாரின் வீட்டுக்கு ஒரு நாள் போனான். கிணற்றில் தண்ணீர் எடுத்து, வழக்கம்போல் துளிகளை விட்டு, துணியில் சுற்றிக் கொண்டுவந்து தன் வீட்டு மேசையில் வைத்தான். அவனைப் பெற்ற உம்மா சபியா பார்த்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் வீட்டிலிருந்து இத்தனை பக்குவமாக ஒருவன் கொண்டுவரும் தண்ணீர் வேறென்னவாக இருக்கும்? அவர் மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் காலிதீன் ஒலுவில் ஊர்க் கிணறுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது மேசையில் துணி மட்டும் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பாத்தும்மா வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"சுல்பிகாவுக்கு நோவு கண்டுட்டு தம்பி. புள்ள லேசாப் பொறக்கட்டுமெண்டு உம்மா மக்கத்து ஸம்ஸம் தண்ணியையும் எடுத்துக்கிட்டு ஓடுறா."

"என்ன தண்ணி?"

"நீங்க ஹாஜியார்ர வீட்டால கொண்டுவந்ததாமே!"

அவன் சைக்கிளை எடுத்தான். தங்கையின் வீடு கடற்கரைப் பக்கம். மணல் ஒழுங்கையில் சில்லுப் புதைய, சைக்கிளை வீசிவிட்டு ஓடினான். யா அல்லாஹ், அவளுக்கு வாய் திறக்கவேண்டாம், உம்மாவுக்குக் கை எழும்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டே ஓடினான்.

அறைக்குள் உம்மா மகளின் தலையை நிமிர்த்தி, பிஸ்மி சொல்லிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். காலிதீன் பாய்ந்து தட்டிவிட்டான். கோப்பை சுவரில் மோதி உடைந்தது.

"குடிச்சியா? புள்ள, குடிச்சியா?"

"இல்ல காக்கா, வாயில படவேயில்ல" என்றாள் சுல்பிகா தமையனிடம்.

"ஸம்ஸம் தண்ணியையாடா கொட்டினாய்?" உம்மா கத்தினார்.

"அது ஸம்ஸம் இல்ல உம்மா. கிணத்துத் தண்ணி. நான் நஞ்சு போட்டு வெச்சது." அவன் கதவு நிலையில் சாய்ந்து விம்மி அழுதான். தப்பித்துவிட்டாள். அந்த நேரத்தில் அவனுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

உம்மாவுக்கு ஆத்திரம் அடங்கக் கொஞ்சம் சென்றது. "கிணத்துத் தண்ணிக்கு என்னத்துக்கடா நஞ்சு?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். இனி மறைக்க முடியாது. நைத்திரேற்று, பால்மா, நீலம் பாரிக்கும் பிள்ளை, எல்லாவற்றையும் சொன்னான். சுல்பிகாவின் புருஷன் மஜீட் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"எப்பயிருந்து தெரியும் மச்சான்?"

"போன வருசம்."

"எங்கட கிணறு?"

"அதுவும் பெயில்தான்" என்றான் காலிதீன்.

"போன மாசம் பக்கத்து ஒழுங்கைக் காசிம்ட கைப்புள்ள நீலம் பாரிச்சு மௌத்தாப் போச்சே" என்றான் மஜீட். "பேய் புடிச்சதெண்டு ஓதிக் கட்டி, பிறகு அடக்கினாங்க."

சுல்பிகாவுக்கு நோவு மறுபடி எழும்பியது. அவள் தமையனின் கையை இறுக்கிப் பிடித்தாள். "புள்ளைக்கு எங்கால தண்ணி எடுக்கிற காக்கா? நல்ல கிணறு எது?"

அவன் கண்டுபிடித்திருந்ததெல்லாம் கெட்ட கிணறுகள்தான்.