ஒரு மணி நேரம் பிந்திய குரல்

சரக்குக் கிடங்கின் தலைமை மேலாளருடைய குரல், அவருக்கு ஐம்பது வயது நடந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமையிலிருந்து, அவர் பேசி ஒரு மணி நேரம் கழித்துத்தான் மற்றவர்களுக்குக் கேட்கத் தொடங்கியது. வாய் அசைவது தெரியும், கழுத்து நரம்பு புடைப்பது தெரியும், சத்தம் மட்டும் வராது. ஒரு மணி நேரம் போனதும், எந்த இடத்தில் நின்று பேசினாரோ அதே இடத்தில், அவர் அங்கே இருந்தாலும் இல்லாவிட்டாலும், சொன்னது சொன்னபடி ஒலிக்கும். அவருக்கு அங்கே ஹாரன் என்று பெயர். லாரி ஓட்டுநர்கள் வைத்தது. அவர் ஒரு சத்தம் போட்டால் வாசலில் நிற்கும் வண்டி தானாகவே பின்னால் நகரும் என்பார்கள். டீசல் விலை ஏறியதும் அதே வாரம்தான். கிடங்கில் அதிகம் பேசப்பட்டது டீசலைப் பற்றித்தான்.

கிடங்கு வேலையே சத்தத்தில் நடப்பது. எந்த வண்டி எந்த வாசலுக்கு, எந்தப் பெட்டி அடியில், எது மேலே என்று நாள் முழுவதும் யாராவது கத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் அவர் போட்ட ‘நிறுத்து’ என்ற சத்தம், லாரி பின்சுவரை இடித்து, விழுந்த செங்கல்லை ஆட்கள் பொறுக்கி முடித்து, ஓட்டுநர் டீ குடிக்கப் போன பிறகு வந்து சேர்ந்தது. தொண்டை மருத்துவர் வாயைத் திறந்து ‘ஆ’ சொல்லச் சொன்னார். இவரும் சொன்னார். எதுவும் கேட்காததால் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து அதே நாற்காலியில் இன்னொரு நோயாளி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, நீளமாக ஒரு ‘ஆ’ கேட்டதாகவும், மருத்துவர் அன்று சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டதாகவும் சொல்வார்கள். கிடங்கு நிர்வாகம் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டது. உத்தரவுகளைச் சீட்டில் எழுதிக் கொடுத்துச் சமாளியுங்கள் என்றது.

சமாளித்தார். ஆனால் பழக்கம் விடுமா? கோபம் வந்தால் கை சீட்டைத் தேடுவதற்குள் வாய் முந்திக்கொண்டது. திட்டி முடித்து, கோபமும் ஆறி, தான் திட்டிய பெட்டி அடுக்குகிறவரோடு அதே இடத்தில் நின்று பேப்பர் தம்ளரில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து வந்து விழும்: ‘மாடு மேய்க்கக்கூட லாயக்கில்லாதவனே.’ ஒரே மழையில் நனைகிறவர்கள் மாதிரி இரண்டு பேரும் அதன் கீழே நிற்பார்கள். திட்டு வாங்குகிற மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்பதை அவர் அப்போதுதான் பார்த்தார். அதுவரை திட்டும்போதெல்லாம் எதிரே இருப்பவரைத் தாண்டிச் சுவரைப் பார்த்துத்தான் திட்டியிருக்கிறார். அந்த முகம் அவருக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் நடந்தது அதைவிட மோசம். அவருடைய ஒரே மகள் வங்கி வேலையை விட்டுவிட்டு ஒரு ரொட்டிக் கடையில் மாவு பிசையச் சேர்ந்துவிட்டாள். சாப்பாட்டு மேசையருகே வைத்து மனைவி இதைச் சொன்னபோது மகள் வீடு திரும்பியிருக்கவில்லை. அவள் எதிரில் நிற்பதாகவே நினைத்துக்கொண்டு அவர் வாய்க்கு வந்ததைக் கத்தினார். சத்தம் கேட்காததால் மனைவி பாத்திரம் கழுவப் போய்விட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அந்தக் கடைதான் என்ன கடை என்று பார்க்கப் போனவர், ஒரு ரொட்டி வாங்கி, பாதியைத் தெருவிலேயே தின்றார். ரொட்டி நன்றாக இருந்தது. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது மகள் மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் சிரித்துக்கொண்டே ரொட்டியை அவள் தட்டில் வைத்தார். அந்த நேரம் பார்த்துக் குரல் வந்தது. ‘படிச்ச படிப்புக்கு மாவு பிசையப் போறியா? நீ உருப்படவே மாட்டே. இனிமே என் மூஞ்சியில முழிக்காதே.’

அவர் பதறிப்போய் ஏதோ சொன்னார். உதடு அசைந்தது, அவ்வளவுதான்.

“ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னதா இருந்தாலும் நீங்க சொன்னதுதானேப்பா” என்றாள் மகள். பெட்டியைக் கட்டினாள், ஆட்டோ வந்தது, போய்விட்டாள். அவர் பதறிச் சொன்னது ஒலித்தபோது சாப்பாட்டு அறையில் மனைவி மட்டும் இருந்தாள். மகளுக்கு அவர் எத்தனையோ முறை செய்தி எழுதி அனுப்பினார். “எழுத்துல அவர் எப்பவுமே நல்லவர்தாம்மா. எனக்குக் கேட்டது குரல்” என்று தாயிடம் சொல்லிவிட்டு, ரொட்டிக் கடைக்கு மேலேயே ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டாள். தாய் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

அடுத்த மாதம் அவர் கிடங்கு வேலையை விட்டார். மகள் செய்தால் குற்றம், அப்பா செய்தால் ஞானமா என்று மனைவி கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. ஒரு மணி நேரம் கழித்தும் வரவில்லை. பெரிய பதவிகளில் இருப்பவர்களுக்கு மன அமைதியோடு தலைமை தாங்கக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். வெள்ளைச் சுவர், வெள்ளை மெத்தை, தண்ணீர்கூட வெள்ளைக் குடத்தில். மற்றவர்கள் சதா தங்கள் அமைதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, இவர் மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால், பத்தே நாளில் பக்குவப்பட்டவர் என்று பெயரெடுத்தார். பயிற்றுநர் அவரை மேடைக்கு அழைத்து, கண்களை மூடி இவருடைய மௌனத்தைக் கவனியுங்கள் என்றார். எல்லோரும் கவனித்துக்கொண்டிருக்கும்போது, மேடை ஒலிபெருக்கிக் கம்பியில் கால் தடுக்கி அவர் ஒரு மணி நேரம் முன்பு சொன்ன கெட்ட வார்த்தை கணீரென்று வந்தது. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அவராகவே போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அதன் பிறகு கிடைத்தது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தை நடத்தும் வேலை. கிடங்குச் சம்பளத்தில் பாதிகூட இல்லை. அதற்கு வேறு யாரும் விண்ணப்பிக்கவும் இல்லை. அடித்தளத்தில், கொதிகலனுக்குப் பக்கத்தில், இரத்தமும் மருந்தும் படிந்த விரிப்புகள் வண்டி வண்டியாக வந்து விழும் இடம். பிரிப்பவர்கள், துவைப்பவர்கள், உருளையில் தேய்ப்பவர்கள், மடிப்பவர்கள் என்று முப்பது பேர் இருப்பார்கள். ஆறு மாதம் தாக்குப்பிடித்தவரைப் பழைய ஆள் என்பார்கள். அவர் யோசித்துப் பார்த்தார். இவர்களிடம் ஏழு மணிக்குப் பேச வேண்டுமானால் ஆறு மணிக்கே வந்து, ஒவ்வொருவரும் நிற்கப்போகும் இடத்தில் நின்று சொல்லி வைத்துவிட வேண்டும்.

அப்படித்தான் செய்தார். ஆளில்லாத கூடத்தில் தினமும் விடியற்காலையில் மேசை மேசையாக நின்று பேசினார். அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. இன்னும் நடக்காத தப்புக்கு யாரைத் திட்டுவது? நேற்றைய தப்புக்குத் திட்டலாமென்றால், இன்று அந்த ஆள் எப்படிப்பட்ட முகத்தோடு வந்து நிற்பாரோ தெரியாது. என்ன நடந்திருந்தாலும் பொருந்துகிற பேச்சாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பேச்சு அவரிடம் அதிகம் இல்லை. முதல் சில நாட்கள் ‘வணக்கம்’ மட்டும் சொன்னார். பிறகு ‘நேத்து உங்க பையனுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே, இறங்குச்சா?’ என்று கேட்கப் பழகினார். இப்படிக் கேட்க வேண்டுமானால் முந்தின நாள் அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே பகல் முழுவதும் காதில் வாங்கினார். ஒருநாள் பிரிப்பு மேசைக்காரம்மா விடுப்பு எடுத்துவிட, அந்த அம்மாவின் இடத்தில் கொதிகலன்காரர் நின்றுகொண்டிருந்தார். ‘முட்டி வலி எப்படி இருக்கு? உக்காந்து செய்யுங்க’ என்றது குரல். கொதிகலன்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அழுதுவிட்டார். அவருக்கும் முட்டி வலிதான், யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருடத்துக்குப் பிறகு சலவைக்கூடத்தில் ஆட்கள் வேலையை விட்டு நிற்பது குறைந்துவிட்டது. நிர்வாகம் அதைப் புது சோப்புத்தூளின் பலன் என்று குறிப்பெழுதியது.

வாசலுக்கு உள்ளே ஒரு மரப் பெஞ்சு கிடந்தது. தினமும் ஒன்பது மணிக்கு அவர் அதன் அருகே போய் நின்று ஏதோ சொல்லிவிட்டு வருவார். பத்து மணிக்கு அந்தக் காலிப் பெஞ்சின் மேல் குரல் வரும்: ‘வந்துட்டியாம்மா? உக்காரு.’ முதலில் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அதையே டீ இடைவேளைக்கு மணியாக வைத்துக்கொண்டார்கள். ஒருமுறை அவருடைய மனைவி ஏதோ வேலையாக வந்து, அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அதைக் கேட்டுவிட்டாள். மறுவாரம் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தாள். அவர் தடவித் தடவி வேலைக்குப் போனதும் மகளுக்குப் போன் செய்து, அப்பா கண்ணாடியை மறந்துவிட்டார், எனக்கு முடியவில்லை, பத்து மணிக்குள் கொண்டுபோய்க் கொடு, அவர் வரும்வரை பெஞ்சில் உட்கார் என்றாள். மகள் வீட்டை விட்டுப் போன நான்கு வருடத்தில் அவள் மகளிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

மகள் கண்ணாடிக் கூட்டோடு வந்து உட்கார்ந்தாள். முன்கையில் மாவு காய்ந்திருந்தது. அப்பா எட்டத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு விரிப்போடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடி இல்லாததால் முனை எதுவென்று தெரியவில்லை. அப்போது அவள் தலைக்கு மேல் அவர் குரல் கேட்டது. வந்துட்டியாம்மா, உக்காரு என்றது. ஏற்கெனவே உட்கார்ந்திருந்த மகள் எழுந்து நின்றுவிட்டாள். டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்த பிரிப்பு மேசைக்காரம்மா அவளைப் பார்த்து நின்றார்.

“உங்களுக்குத்தான். தினம் வருது. இன்னைக்குத்தான் ஆள் வந்திருக்கு.”

மகள் கூடத்தின் குறுக்கே நடந்து போனாள். கண்ணாடியை அவருக்கு மாட்டிவிட்டாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் விரிப்பின் மறுபக்க முனைகளைப் பிடித்துக்கொண்டாள். அது இரண்டு ஆள் வேலை.

“அன்னைக்கு நான் போனப்புறம் உங்க குரல் என்னமோ சொல்லுச்சாமே. அம்மா சொல்ல மாட்டேங்கறா. என்னப்பா சொன்னீங்க?”

அவர் உதடு அசைந்தது. சொல்லி முடித்துவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பாவமாகப் பார்த்தார்.

“பரவாயில்ல, இருக்கேன்” என்றாள் மகள்.

இருந்தாள். ஆட்கள் டீ குடித்துத் திரும்பினார்கள், உருளை மறுபடி சுற்றத் தொடங்கியது. அப்பாவும் மகளும் எதிரெதிரே நின்று விரிப்பை உதறி, இழுத்து, கிட்டே வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி விலகிப் போய் அடுத்ததை எடுத்தார்கள். ஒரு வண்டி நிறைந்து, அடுத்த வண்டியும் பாதி நிறைந்திருந்தபோது, அவர்கள் முனை சேர்க்கக் கிட்டே வந்த நேரத்தில், அவர் வாய் மூடியிருக்க, குரல் வந்தது.

“சரிம்மா, உன் இஷ்டம். ரொட்டி நல்லாத்தான் இருக்கு.”

மகள் தன் பக்கத்து முனைகளை அவர் கையில் கொடுத்தாள். அவர் மடித்து வண்டியில் வைத்தார். மதியத்துக்குள் மூன்றாம் மாடிக்கு அனுப்ப வேண்டிய விரிப்புகள் இன்னும் பாக்கி இருந்தன.