ரோபோ இல்லாதவர்கள்

மிலுங்காவின் தலையில் பாதிக்குச் சாயம் பூசியாகிவிட்டது. மீதிக்கு ஸ்லஜானாவின் கை ஓடவில்லை. எப்படி ஓடும்? பெற்ற மகள் நெவேனா ஹங்கேரியில், ஆயிரம் பேர் முன்னால், முதல் தடவையாக செர்பிய அணிக்குக் கோல் காக்கிறாள். பெண்பிள்ளைகளின் ஹேண்ட்பாலை எந்த டிவி காட்டும்? "இலவச நேரலை" என்று அகப்பட்ட ஒரே தளமோ, "நீங்கள் ரோபோ இல்லையென்றால் 'அனுமதி'யை அமுக்குங்கள்" என்று அடம்பிடித்தது.

"ரோபோவா? யாரைப் பாத்து கேக்குறான்?" பக்கத்துக் கறிக்கடை ராதிஷாவுக்குச் சுருக்கென்றது. ஆட்டம் பார்க்கவென்றே கடையைப் பூட்டிவிட்டு, பிளம் சாராயத்தோடு சலூனுக்கு வந்திருந்தார். "நம்ம ஊர்க்காரங்ககிட்ட வச்சுக்கிட்டா விட்ருவோமா? அமுக்கு தங்கச்சி!"

அமுக்கினாள். ஆட்டம் வரவில்லை. "உங்கள் போனில் ஐந்து வைரஸ்!" என்று வந்தது. அதைத் தள்ளினால், "உங்களுக்குக் கார் பரிசு!"

"உன் போன் சரியில்ல" என்று ராதிஷா தன் போனில் அமுக்கினார். அதுவும் அலறியது. விடுவாரா மனுஷன்? வீம்புக்கு சலூன் டேப்லெட்டிலும் அமுக்கினார்.

"மூணு கார் விழுந்திருக்கு அண்ணே, இனி கறிக்கடை எதுக்கு உங்களுக்கு?" என்று சிரிக்கப் போன ஸ்லஜானாவுக்கு அழுகைதான் வந்தது. கடிகாரப்படி ஆட்டம் முடிய இரண்டே நிமிடம்.

மிலுங்கா சாயத்தலையோடு எழுந்து, கைப்பையிலிருந்து பழைய பட்டன் போனை எடுத்தாள். "இதுல ஒருத்தனும் அனுமதி கேக்க மாட்டான். பிள்ளைங்களோட யாருடி போயிருக்கா?"

"பில்யானாக்கா. அவங்க பொண்ணும் ஆடுறா."

"நம்பரைச் சொல்லு."

எடுத்ததுமே ஸ்பீக்கரில் அரங்கம் அதிர்ந்தது. "சமமா இருக்குடி!" பில்யானாவின் தொண்டை கிழிந்தது. "நேரம் முடிஞ்சிருச்சு, கடைசியா அவங்களுக்கு ஒரு பெனால்டி! உம்பொண்ணு தனியா நிக்கிறா!" அதற்குமேல் அவள் குரலே எடுபடவில்லை. அத்தனை பேரும் ஹங்கேரிக்காரர்கள். மேளம் கொட்டி, கால்களை உதைத்து, தங்கள் பெண்ணுக்காகக் கத்தினார்கள்.

ஸ்லஜானா சாயக் கையாலேயே ராதிஷாவின் கையை இறுக்கினாள்.

விசில்.

அவ்வளவுதான். மேளமில்லை, கூச்சலில்லை.

"லைன் கட்டாயிருச்சா?" என்றார் ராதிஷா.

"இல்லண்ணே!" ஸ்லஜானா துள்ளிக் குதித்தாள். "நல்லா கேளுங்க! ஒருத்தனும் கத்தல!"

ஆயிரம் பேரின் அந்த அமைதிக்குள், பில்யானா மட்டும் அழுதுகொண்டே கைதட்டுவது கேட்டது.