சாவு பார்க்காத கேமரா

கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு நம்பி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான். பின்பக்கத்துக் கண்ணாடியைக் கழற்றியாகிவிட்டது. லென்ஸுக்கு மூடி போட்டு, தோல் துருத்தியை முழு நீளத்துக்கு இழுத்து, ஜன்னல் வெயிலில் நிறுத்தியாகிவிட்டது. ஏதாவது ஒரு மடிப்பில் ஊசிமுனை அளவு பொத்தல் இருந்தாலும் உள்ளே வெளிச்சப் புள்ளியாகத் தெரிந்துவிடும். ஒன்றைக்கூடக் காணோம். முப்பது வருஷத்துக் கேமரா; மரச்சட்டத்தில் ஒரு கீறல் இல்லை, பித்தளைத் திருகுகளில் களிம்பு இல்லை, லென்ஸில் பூசணம் இல்லை. நம்பிக்கு எரிச்சல் வந்தது. குறை ஒன்று அகப்பட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம் என்றுதான் வந்திருந்தான்.

எதிரே நாற்காலியில் கேசவமூர்த்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மைசூர் சிவராம்பேட்டையில் முப்பது வருஷம் ஸ்டுடியோ நடத்தியவர். பம்பாயில் இருக்கும் பிள்ளையோடு போய்விடுவதென்று தீர்மானித்து, ஒவ்வொரு சாமானாக விற்றுக்கொண்டிருந்தார். பெரிய கேமராவைப் பெங்களூர்க்காரர் ஒருவர் கொண்டுபோய்விட்டார். மிச்சம் இதுதான். நம்பிக்கு வேண்டாமென்றால்தான் மற்றவர்களுக்கு என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பியிருந்தார். சொன்ன விலையும் நியாயமான விலை. அதுவும் நம்பிக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு கேமரா வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. போன வைகாசியில் சாமராஜநகரில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார், கெட்டிமேளம் கொட்டிற்று, நம்பி ஷட்டரை அழுத்தினான். அது அசையவில்லை. மறுபடி அழுத்தினான். தட்டிப் பார்த்தான். மூன்று முடிச்சும் விழுந்து, அட்சதை விழுந்து, பெண்ணின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்தபிறகு ஷட்டர் தானாகவே ஒருதரம் 'டக்' என்றது. மாப்பிள்ளையிடம் போய் இன்னொருமுறை கட்டுங்கோ என்றா கேட்க முடியும்? பெண்ணைப் பெற்றவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஊர் முழுக்கச் சொன்னார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு கல்யாணத்துக்குச் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் "கேமரா சரியா இருக்கா?" என்று முதலில் கேட்டார்கள். இரண்டு பேர் கேட்காமலே வேறு ஆளிடம் போனார்கள். கைக்குத் துணையாக இன்னொன்று இல்லாவிட்டால் வருகிற தை மாசத்துக்குள் அவன் தொழில் படுத்துவிடும்.

அப்படியானால் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதானே. அதுதான் முடியவில்லை. இதே கேமராவை அவன் ஒருமுறை கேட்டிருக்கிறான். விலைக்கு இல்லை, ஒரு மணி நேர இரவலுக்கு.

மூன்று வருஷம் ஆகிறது. குடியரசு வந்த வருஷம். அவன் பெண் செலுவம்பாவுக்கு, வீட்டில் செலுவி, அப்போது இரண்டரை வயது. அதற்கு முன் இரண்டு குறைப்பிரசவம். மேலுக்கோட்டைப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு பிறந்த குழந்தை. மூன்றாவது வயதில் அங்கே கொண்டுபோய் முடி இறக்குவதாகப் பிரார்த்தனை. அதுவரைக்கும் குழந்தையைப் படம் எடுப்பதில்லை என்று நம்பி ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தான். கேமராவைவிடப் பெரிய கண் உண்டா, அதன் திருஷ்டி பொல்லாதது என்பான். ஊர்க் குழந்தைகளை எல்லாம் கிலுகிலுப்பை ஆட்டிச் சிரிக்க வைத்துப் படம் எடுத்துக் காசு வாங்குகிறவன் சொல்கிற பேச்சா இது? மனைவி பத்மாஸினி இரண்டு தரம் கேட்டாள். ஒருதரம் குழந்தைக்கு ரவிக்கைத்துணியில் பாவாடை தைத்துக் கட்டிவிட்டுக் கேட்டாள். முடி இறக்கட்டும், மொட்டைத் தலையோடு எடுக்கிறேன் என்றான். பிறகு தொண்டை அடைப்பான் வந்து நாலு நாளில் குழந்தை போய்விட்டது.

போனவர்களை உட்கார்த்தி, மாலை போட்டு, ஒரு படம் எடுத்தபிறகுதான் ஊரில் பல வீடுகளில் தூக்குவார்கள். அந்தப் படங்களை எடுக்கிறவன் நம்பிதான். மற்ற ஸ்டுடியோக்காரர்கள் சாவு வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள். அன்று அவனுடைய கேமரா ரிப்பேருக்காக மதராஸ் போயிருந்தது. தெருவில் பேச்சுக்குரல் கேட்க ஆரம்பிக்குமுன் நம்பி சிவராம்பேட்டைக்கு ஓடினான். கேசவமூர்த்தியின் பெரிய கேமரா கல்யாணத்துக்குப் போயிருந்தது. இது மேஜைமேல் துணி போர்த்தி இருந்தது. அவன் கேட்டான். அவர் சொன்னார்:

"முகூர்த்தத்துக்குப் போற கேமராடா. இதை எப்படிக் கொடுக்கறது, நீயே சொல்லு."

நம்பி திரும்பி வந்தான். குழந்தையைப் புதைத்தார்கள். பெருமாளுக்கென்று வளர்த்த முடியும் அதோடு மண்ணுக்குள் போயிற்று. வீட்டில் ஆணி அடித்து மாட்ட ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இப்போதெல்லாம் நம்பிக்குக் காதுத் தோடு ஞாபகம் வருகிறது, இடது முட்டிக் காயம் ஞாபகம் வருகிறது, முகம் வருவதில்லை. பத்மாஸினிக்கு வருகிறதா என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

துணியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். கேசவமூர்த்தி தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, இப்போது சொல்வார் என்று எதிர்பார்த்தான். பெரிதாக ஒன்றும் வேண்டாம். அன்றைக்கு அப்படி ஆகிவிட்டது என்று ஒரு வார்த்தை, அல்லது அந்தப் பேச்சை எடுக்கக் கூசுகிற ஒரு முகம். அதற்காகத்தான் கூப்பிட்டனுப்பியிருக்கிறார் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தான்.

கேசவமூர்த்தி எழுந்து வந்து மரச்சட்டத்தை உள்ளங்கையால் தடவினார். மேல்பலகையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து வட்டமாகப் படிந்திருந்தது.

"பழசுன்னு பாக்காதே நம்பி. இப்படி மடியா, தீட்டுப் படாம வெச்சிண்ட கேமரா மைசூர்ல இன்னொண்ணு கெடையாது. முப்பது வருஷத்துல ஒரு சாவு பாத்ததில்லே. எத்தனையோ பேர் வந்து கேட்டா, பேடப்பா, வேண்டாம்ப்பா, அதெல்லாம் ஆகாதுன்னுட்டேன். உனக்குக் கல்யாணத்துக்கு ராசியா இருக்கும்."

எத்தனையோ பேர். நம்பி அவர் முகத்தைப் பார்த்தான். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நல்ல சாமானை நல்ல கையில் கொடுக்கிற திருப்திதான் இருந்தது. மனிதருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"எடுத்துக்கறேண்ணா" என்றான் நம்பி.

குதிரைவண்டியில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது அவனுக்கு மூன்று வருஷத்தில் இல்லாத ஒரு சந்தோஷம், கெட்ட சந்தோஷம், உள்ளே ஊறிக்கொண்டிருந்தது. வீட்டில் இறக்கியதும் பத்மாஸினி சந்தன வட்டத்தைப் பார்த்தாள். யாருடையது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இதை முகூர்த்தத்துக்கு எடுத்துண்டு போகப் போறதில்லே" என்றான். "முதல் படம் சாவுப் படம். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்."

பத்மாஸினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். கழுநீரை வடித்துவிட்டு நிமிராமலே கேட்டாள். "அப்போ யாராவது போகணும்னு காத்துண்டிருக்கப் போறேளா?"

காத்துக்கொண்டுதான் இருந்தான். படம் பதிய மருந்து பூசிய புதுக் கண்ணாடித் தட்டு வாங்கி வைத்தான். கேசவமூர்த்தியின் பழைய கேமராவுக்கு ஷட்டர் கிடையாது. மூடியைக் கழற்றி, எண்ணி, மூட வேண்டும். எதிரே இருப்பவர் மூச்சுவிடாமல் இருந்தால்தான் படம் நிற்கும். அசையாமல் உட்காருவதில் பிணத்தை மிஞ்ச ஆள் இல்லை என்று தனக்குத்தானே வேடிக்கை பேசிக்கொண்டான். தெருக்கோடி வக்கீலுக்கு எண்பது வயது, இருமிக்கொண்டே இருந்தார். அவருக்கு உடம்பு தேறிற்று. அக்ரஹாரத்தில் ஒரு பாகவதர் இழுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அவரும் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார். பதினோரு நாள் ஊரில் யாரும் சாகவில்லை. நம்பிக்கு ஊர்மேலேயே கோபம் வந்தது.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஓர் ஆள் நின்றான். சட்டையில் சுண்ணாம்புக் கறை. பெயர் சேகரன், கொள்ளேகால் பக்கம், ஊருக்கு மேற்கே எழும்பிக்கொண்டிருந்த கட்டடத்தில் கொத்து வேலை. படியேறாமல் கீழேயே நின்று பேசினான்.

"ஒரு போட்டோ புடிக்கோணுங் சாமி. புள்ள போயிருச்சுங்க."

"எத்தனை வயசு?"

"வார மாசியோட மூணுங்க."

நம்பி உள்ளே போனான். இரண்டு கேமராவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவனுடைய கேமராவின் ஷட்டர் ரிப்பேர் பார்த்தபிறகு இப்போது ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அதை எடுக்கக் கை நீட்டினான். பின்கட்டு நிலைப்படியில் பத்மாஸினி நின்றிருந்தாள்.

"பழசையே எடுத்துண்டு போங்கோ" என்றாள். "காத்துண்டிருந்தேளே."

அவன் அதையே எடுத்தான். வழி நெடுக சேகரன் கேமராவின் முக்காலியைத் தோளில் சுமந்துகொண்டு முன்னால் நடந்தான்.

தகரக் கொட்டகை வரிசையில் கடைசி வீடு. வெளிச்சம் போதாதென்று வெளியே வேப்பமரத்தடியில் ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதில் ராணி, குழந்தையின் தாய், பெண்ணை மடியில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்கு எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னி, கனகாம்பரம் வைத்து, நெற்றியில் பொட்டு வைத்திருந்தாள். தாய் அழுது முடித்தவள் போலத்தான் இருந்தாள். நம்பி முக்காலியை ஊன்றிக் கேமராவைப் பூட்டுவதை எல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"படம் இருந்துச்சுன்னா மொகம் மறக்காதுங்களா சாமி?"

நம்பி துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டான். மறக்காது என்று உள்ளேயிருந்து சொன்னான். அவள் காதில் விழுந்ததோ என்னவோ.

கண்ணாடியில் எல்லாம் தலைகீழாக விழுந்தது. மரம் கீழே, பலகை மேலே, இரட்டைப் பின்னல் நடுவில். முகத்தைத் தெளிவாக்கத் திருகைத் திருப்பினான். இன்னும் கொஞ்சம் திருப்பினான். உருண்டைக் கன்னம், சப்பை மூக்கு, கொஞ்சம் திறந்திருந்த வாய். யாரோ ஒரு கொத்தன் பெண். இந்தக் கேமராவுக்குத் தீட்டுக் காட்ட இவளுக்காகவா பதினோரு நாள் காத்திருந்தோம் என்று நினைத்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. தலையை வெளியே எடுக்க வெகு நேரம் ஆயிற்று. பழைய கேமரா, மக்கர் பண்ணுகிறது போலிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

வெளியே வந்து தட்டைச் செருகினான். ஐந்து எண்ணுகிறவரை அசையக்கூடாது என்று ராணியிடம் சொன்னான். அவள் தலையாட்டினாள். மூடியைக் கழற்றினான்.

ஒன்று. இரண்டில் அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தப் பார்த்தாள், நிற்கவில்லை. மூன்று. படத்தில் இவள் வெறும் புகையாகத்தான் விழுவாள், குழந்தை மட்டும் பின்னல் மயிர்வரைக்கும் துல்லியமாக விழும் என்று நம்பிக்குத் தெரிந்தது. நான்கு. காற்றுக்கு ஒரு வேப்பிலை குழந்தையின் நெற்றியில் வந்து விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. ஐந்து.

மூட வேண்டும். மூடி அவன் கையில்தான் இருந்தது; மூடினால் இந்த முகமும் போய்விடும் போலிருந்தது. ஆறு என்று எண்ணினான். ஏழு என்று எண்ணினான். ராணி கண்ணை அவனிடமிருந்து எடுக்காமல், குலுங்கிக்கொண்டே, அசையாமல் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.