பெயர் மாற்றாத மோட்டார் சைக்கிள்

சுபோதினி யாருக்கும் கெடுதல் நினைக்காதவள். அவளே பல தடவை சொல்லியிருக்கிறாள். வெள்ளவத்தையில் கடல் தெரிகிற மூன்றாம் மாடி வீடு, காப்புறுதிக் கம்பனியில் வேலை, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயில். கணவன் தனஞ்சயனுக்கு முழங்கால் தேய்ந்தபோது, தன் பெயரில் வாங்கியிருந்த மோட்டார் சைக்கிளை ஜிந்துப்பிட்டிச் சின்னராசாவுக்கு விற்றாள். சாப்பாடு டெலிவரி செய்கிறவன், முப்பது வயது, பேரம் பேசத் தெரியாதவன்.

விற்றது கொழும்பில் பாதிப்பேர் விற்கிற முறையில்தான். ஓப்பின் பேப்பர் என்பார்கள். விற்பவர் படிவத்தில் கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவர் இரண்டு வாரத்துக்குள் தன் பெயருக்கு மாற்றவேண்டும் என்பது சட்டம், வசதிப்பட்டபோது மாற்றுவது வழக்கம். சின்னராசாவுக்கு ஒன்றரை வருடமாக வசதிப்படவில்லை. அதனால் அரசாங்கப் பதிவேட்டில் வண்டி இன்னும் சுபோதினியுடையது. அவன் சிவப்பு விளக்கில் பாய்ந்தால் கமராவில் பிடித்துத் தண்டக் கடிதத்தை வெள்ளவத்தைக்கு அனுப்பினார்கள். அப்படி மூன்று வந்தன. மூன்றையும் அவன் மறுநாளே வந்து வாங்கிப்போய்க் கட்டினான். ஆனாலும் தன் பெயருக்குப் பொலிஸ் கடிதம் வருவதைக் கீழ் வீட்டு டோரின் பார்ப்பது சுபோதினிக்குப் பொறுக்கவில்லை.

நாலாவதாக வந்த பதிவுத்தபால் பொலிஸிலிருந்து அல்ல. மோட்டார் சைக்கிளை இறக்குமதி செய்த கம்பனி ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. இந்த மொடல் வண்டிகளில் முன் பிரேக் குழாய் வெடிக்கக்கூடும். உடனே ஓட்டுவதை நிறுத்தவும். சேர்விஸ் நிலையத்தில் இலவசமாக மாற்றித் தரப்படும். சுபோதினி இரண்டு தரம் வாசித்தாள். விளங்காமல் போக அவள் ஒன்றும் பச்சைக் குழந்தையல்ல. அவளுடைய வேலையே இப்படிப்பட்ட கடிதங்களை வாசிப்பதுதான்.

வாசித்து முடித்ததும், பெயரை மாற்றவைக்க இதை விட்டால் வேறு வழி கிடைக்காது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. உடனே போன் எடுத்தாள்.

“தம்பி, உங்கட பைக்குக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. பெயரை மாத்திப்போட்டு வந்து எடுங்கோ.”

“என்ன கடிதம்க்கா?”

“வந்தால் தெரியும்தானே. முதல்ல பெயரை மாத்துங்கோ. இனி நான் சும்மா தரமாட்டன்.”

“சரிக்கா, இந்த மாசம் எப்படியும் பாக்குறேன்.”

பிரேக் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் நோகாது. ஆனால் சொன்னால் அவன் அரை மணித்தியாலத்தில் வந்து கடிதத்தை வாங்கிக்கொண்டு போயிருப்பான், பெயர் மாறியிருக்காது. சின்னராசா அதை இன்னொரு தண்டம் என்று நினைத்தான். அவள் மறுபடி எடுத்தபோது போனைத் தூக்கவில்லை. இரண்டு தரம் முயன்று பார்த்தாள். பிறகு ரோசம் வந்து விட்டுவிட்டாள். கடிதம் ஐந்து வாரம் பிரிட்ஜின் மேல் கிடந்தது.

ஆறாவது வாரம் கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதி இறக்கத்தில், சின்னராசா முன் பிரேக்கைப் பிடித்தான். அது பிடிக்கவில்லை. துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கொள்கலன் லொறியின் கீழே போனான். உயிரைக் காப்பாற்றினார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பத்தாம் நாள் அவன் மனைவி நிரோஷா வெள்ளவத்தைக்கு வந்தாள். கதிரையின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

“அக்கா, கராஜ்ல ஸவாஹிர் நானா சொன்னாரு, இந்த மொடலுக்குக் கம்பனி கடிதம் அனுப்புச்சாம். எங்களுக்கு ஒண்ணும் வரல. லோயர்கிட்ட கேட்டேன். பெயர் மாத்தாட்டியும் ஓட்டுனவருக்கு உரிமை இருக்காம். கம்பனி கடிதத்தை மட்டும் போட்டுட்டு சும்மா இருந்திருக்கக் கூடாதாம், பேப்பர்லயும் போட்டிருக்கணுமாம். அவருக்கு விசயம் தெரியாதுன்னு நீங்க எழுதிக் குடுத்தாப் போதும்க்கா. அதை வச்சுத்தான் கேஸ்.”

சுபோதினி கணக்குப் போட்டுப் பார்த்தாள். எழுதிக் கொடுத்தால் அடுத்த கேள்வி வரும்: நீ ஏன் சொல்லவில்லை? அந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் பலர் முன்னால் கேட்பார்கள்.

“கடிதம் வந்தது தங்கச்சி,” என்றாள். “நான் அண்டைக்கே போன் எடுத்துச் சொன்னனான். அவர்தான் வரேல்லை.”

“பிரேக்குன்னு சொன்னீங்களாக்கா?”

“ஓம். சொன்னனான்.”

நிரோஷா போனபின் அறைக்குள்ளிருந்து தனஞ்சயன் வந்தான். “பிரேக் எண்டே சொன்னனீர்? நான் பக்கத்திலதானே இருந்தனான்.”

“கடிதம் வந்திருக்கு எண்டு சொன்னனான்தானே. வந்து எடுத்திருந்தால் கால் இருந்திருக்கும். நீங்கள் பேசாமல் இருங்கோ.”

அவன் பேசாமல்தான் இருந்தான். கழுத்துப்பட்டி கட்டிய இறக்குமதிக் கம்பனி அதிகாரி அடுத்த கிழமை தட்டச்சு செய்த தாளோடு வந்தபோதும் பேசவில்லை. குறைபாடு பற்றி ஓட்டுநருக்குத் தொலைபேசியில் முழுமையாக விளக்கினேன் என்று அதில் இருந்தது. ‘முழுமையாக’ என்ற இடத்தில் சுபோதினியின் பேனை நின்றது. அதிகாரி, இது வெறும் நடைமுறைக்குத்தான் மெடம் என்றார். கையெழுத்து வைத்தாள். அவருக்குத் தேநீரும் கொடுத்து அனுப்பினாள்.

இரண்டு மாதம் கழித்து நிரோஷா மறுபடி வந்தாள். இந்தமுறை உட்காரவில்லை.

“கேஸ் நிக்காதுன்னு லோயர் சொல்லிட்டாருக்கா. நீங்க கையெழுத்து வச்ச தாளைக் கம்பனி காட்டிருச்சாம். எங்க வீட்டுக்காரரும் யோசிச்சுப் பாத்தாரு. நீங்க போன் பண்ணினது ஞாபகம் இருக்காம். பிரேக்குன்னு சொன்னதுதான் ஞாபகம் வரலையாம். அடிபட்டதுல தலை குழம்பியிருச்சு, அந்த அக்கா பொய் சொல்ல மாட்டாங்கன்னு சொல்றாரு.”

சுபோதினி காட்டிய கதிரையை நிரோஷா பார்க்கவில்லை.

“அவ்வளவு அக்கறையா எடுத்தவங்க போனைத் தூக்காம விட்டேனேன்னு அழறாருக்கா. என் காலை நானே எடுத்துக்கிட்டேங்கிறாரு. உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வரச் சொன்னாரு.”

இப்போதும் நேரம் இருந்தது. கையெழுத்தை மறுத்து இன்னொரு தாள் எழுதலாம் என்பது காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்பவளுக்குத் தெரியாததல்ல. கதவு நிலையைப் பிடித்தபடி ஒரு நிமிடம் நின்றாள். அந்த ஒரு நிமிடம் அவளுக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

“பரவாயில்லை தங்கச்சி,” என்றாள். “நான் ஒண்டும் மனசில வச்சிருக்கேல்லை எண்டு அவரிட்டச் சொல்லுங்கோ.”

நிரோஷா அவளைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.